என் அம்மாவைச் சாகடித்தவள்

ஹோமில் வளரும் பிள்ளைகளைப் பற்றி வெளிநாட்டில் எடுத்த தொடர் ஒன்று, தமிழ் பேச வைத்து டிவியில் வருமே, அது இன்னும் முடியவில்லையாம். நடித்த பிள்ளைகளுக்கு மீசை முளைத்து, வேறு பிள்ளைகள் வந்து, அவர்களும் வளர்ந்து, இப்போது மறுபடி புதிதாக ஒரு சீசன். நர்சிங் ஹாஸ்டலில் என் அறைத்தோழி போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பி, "நீயும் ஹோம்ல வளர்ந்தவதான? உங்களுக்கும் இப்பிடித்தான் ஜாலியா இருக்குமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு முன்னால் வந்து நின்றது, ஹோமில் எங்களோடு வளர்ந்த ஓர் அக்காவின் முகம். அவள் மட்டும் இங்கே இருந்திருந்தால் ஒரு முழு நீளக் கதையே பதிலாகக் கிடைத்திருக்கும். என் தோழி அதைக் கேட்டு முடித்து மூக்கைச் சிந்தியிருப்பாள்.

செஞ்சியில் எங்கள் ஹோமுக்கு யாரோ கொடுத்த பழைய டிவி ஒன்று இருந்தது. சாயங்காலம் அந்தத் தொடர் வந்தால் நாங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்ப்போம். அக்கா மட்டும் சுவரில் சாய்ந்து நின்று குறை சொல்லிக்கொண்டே இருப்பாள். "இன்னாடி இது, ஆளுக்கொரு ரூமாம். ஆளுக்கொரு கட்டிலாம். வார்டன எதுத்துப் பேசுதுங்க, கதவப் படார்னு சாத்துதுங்க. நம்ம வூட்ல கதவுக்குத் தாப்பாளே கெடையாது, எங்கேர்ந்து சாத்தறது?" நாங்கள் சிரிப்போம். ஹோமை நடத்திய கன்னியாஸ்திரி, எங்கள் சிஸ்டரும் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பார். ஆனால் ஒரு காட்சியைக்கூட அவள் விட மாட்டாள். தொழில் கற்றுக்கொள்கிறவள் மாதிரி பார்ப்பாள். அது தொழில்தான் என்பது பிறகு எங்களுக்குத் தெரிந்தது.

பிறந்தநாள் சாப்பாடு என்று ஒன்று உண்டு. ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது பிறந்தநாள் என்றால், இல்லாவிட்டால் யாருக்காவது திதி என்றால், எங்களுக்குச் சோறு போட வருவார்கள். பிரிஞ்சி, தயிர்ச்சாதம், கேசரி எல்லாம் வண்டியில் வந்து இறங்கும். வாசனை மூக்கைத் துளைக்கும். உடனே சாப்பிட்டுவிட முடியாது. முதலில் கேக் வெட்ட வேண்டும். நாங்கள் வரிசையில் நின்று கைதட்டிப் பாட வேண்டும். பிறந்தநாள் பிள்ளை கரண்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் தட்டில் போடுவது மாதிரி ஒரு ஃபோட்டோ. அப்புறம் அந்தக் குடும்பத்திலேயே இளகின மனசுக்காரியாக ஒரு அம்மா இருப்பார். அவர் குனிந்து, எங்களில் யாரையாவது தாடையைப் பிடித்து, "நீ எப்பிடிம்மா இங்க வந்த?" என்று கேட்பார். பிரிஞ்சி ஆறிக்கொண்டிருக்கும்.

அந்தக் கேள்வி வரும் இடத்தில் அக்கா வந்து நிற்பாள். எப்படித்தான் மோப்பம் பிடிப்பாளோ. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், அதை நாக்கால் தடவிக்கொண்டு, துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டு, "அது வந்துங்க…" என்று ஆரம்பிப்பாள். கோட்டை பார்க்க வந்த வழியில் எங்களுக்குச் சோறு போட்ட சென்னைக்காரர்களுக்கு, அவளுடைய நைனா, அதாவது அப்பா, ராஜகிரிக் கோட்டையில் வாட்ச்மேன், செல்ஃபி எடுக்கப்போய்ச் சறுக்கிய ஒருவரைப் பிடிக்கப்போய் விழுந்தவர். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அந்தப் புண்ணியத்தோடு வந்தவர்களுக்கு, அவள் அந்தக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை. மேல்சித்தாமூரிலிருந்து ஒரு சமணக் குடும்பம் வருடா வருடம் வரும். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பார்கள், எங்களுக்கும் அது பிடிக்கும், வெளிச்சத்திலேயே வயிறு நிறைந்துவிடும். அவர்களிடம், நைனா ஒரு நாயைக் காப்பாற்றப்போய் லாரியில் அடிபட்டார் என்றாள். அந்த வீட்டுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்துத்தான் எந்தக் கதை என்று முடிவு செய்வாளாம். "ஷூ போட்டவங்களுக்கு ஹீரோ கதை. ஹவாய் செருப்புக்கு வயித்துப்பசி கதை. ஹீல்ஸ் வந்தா அம்மா கதை, அதுல தப்பவே தப்பாது." எங்களுக்குள் அதற்குப் பேர் சீசன். சாப்பாட்டு வண்டி வாசலில் நின்றதுமே, "இன்னிக்கு எந்த சீசன்க்கா?" என்று சின்னதுகள் அவள் காதில் கிசுகிசுக்கும்.

இவ்வளவும் பொய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் நைனா எங்கேயோ ஓடிப்போனவர். அம்மா உயிரோடு, திடமாக, சத்தமாக இருந்தார். பெங்களூரில் கட்டட வேலை. பொங்கலுக்கும் வேறு எப்போதாவதும் வந்து, கேட்டுக்கு வெளியே இருந்தே "ஏய் பாப்பா!" என்று கூப்பிடுவார். தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஒரு தடவை நான் கேட்டேன். "ஏன்க்கா பொய் சொல்ற? சாமி கண்ணக் குத்தும்."

அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். "நெஜத்தக் குடுத்துட்டு நான் இன்னாடி வெச்சிக்கிறது? பிரிஞ்சிக்கெல்லாம் நெஜம் தர முடியாது."

எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. பெரிய பேச்சு பேசுகிறாள் என்று நினைத்தேன். இன்றைக்கு யாராவது என் தாடையைப் பிடித்துக் கேட்டால் பளிச்சென்று புரிகிறது.

விசித்திரம் என்னவென்றால், எங்களிடம் அவள் வாயில் ஒரு பொய் வராது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் ஊசி போட வரிசையில் நிற்கும்போது நர்ஸ் முதல் சிஸ்டர் வரை எல்லோரும், "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பார்கள். அவளைக் கேட்டால், "வலிக்கும். அப்பறம் போயிடும்" என்பாள். சின்னதுகள் சாயங்காலம் கேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "எங்கம்மா வருவாங்களாக்கா?" என்று கேட்கும். யாராக இருந்தாலும் "வருவாங்க, வருவாங்க" என்றுதான் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது ஒரு பழக்கம். அவள் சொல்ல மாட்டாள். "தெரியாதுடி" என்பாள். ஒருமுறை சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு, "ஆறுதலா ரெண்டு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும் உனக்கு?" என்று கடிந்துகொண்டார். "நான் சொல்லிட்டுப் போயிடுவேன் சிஸ்டர். காத்துக்கினு இருக்கறது அதுதான" என்றாள்.

அவள் பத்தாவது படித்த வருடம் அவள் அம்மா பெங்களூரை விட்டு வந்துவிட்டார். அனந்தபுரத்தில் ஒரு அறை பிடித்து, செருப்புக் கம்பெனி வேனில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று குழந்தைகள் நல அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள். அந்த அறையை அக்கா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் டிவி தொடரில் வருகிற மாதிரி ஏதாவது அளப்பாள் என்று சுற்றி உட்கார்ந்தோம். "ஒத்த ரூம்பு. ஜன்னல் இல்ல. ஃபேன் போட்டா டடக்கு டடக்குன்னு சத்தம் வருது. மூலையில அடுப்பு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லும்போது உடைந்த பல் தெரியச் சிரித்தாள். எப்போதும் அந்தப் பல்லை மறைத்துத்தான் சிரிப்பாள்.

மறுநாளிலிருந்து படிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சமையல்கட்டில் கிடந்தாள். அம்மா வேனை விட்டு இறங்கி வரும்போது சோறும் குழம்பும் தயாராக இருக்க வேண்டுமாம். சமையல்கார அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காரக்குழம்பு கற்றுக்கொண்டாள். புளி கரைக்கிற கையோடு வந்து எங்களை ருசி பார்க்கச் சொல்வாள். உப்புக் கரிக்கும். நல்லா இருக்குது என்று நாங்கள் சொன்னால் திட்டுவாள். துணிமணிகளை ஜனவரி மாதமே ஒரு கட்டைப்பையில் அடுக்கிவிட்டாள். வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுத்து உடுத்தி, துவைத்து, மறுபடி அதிலேயே வைப்பாள். எந்த ஆசையையும் வெளியில் காட்டாதவள் அந்தப் பையை மட்டும் மறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் யூடியூப்காரர் வந்தார். எங்களுக்காக அரிசி மூட்டைகளும் போர்வைகளும் கொண்டுவந்தார். அதைப் பற்றி வீடியோ போட்டால் இன்னும் பத்து பேர் உதவுவார்கள் என்றார். பிள்ளைகள் முகத்தைக் காட்டக் கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். முதுகுப் பக்கம்தான் எடுப்பேன் என்று அவரும் தலையாட்டினார். சிஸ்டர் மூட்டைகளை இறக்கிவைக்க அந்தப் பக்கம் போனதும், அவர் வேப்பமரத்தடியில் நின்றிருந்த என்னைப் பார்த்துவிட்டார். நான் அப்போது எல்லோரிலும் சிறியவள், கன்னம் உப்பி, அவர் தேடிய மாதிரியே இருந்திருப்பேன் போல.

"பாப்பா, இங்க பாரு. உங்கம்மா எங்கடா கண்ணு?"

போன் என் முகத்துக்கு நேராக இருந்தது. அக்காவைப் போல எனக்குப் பல கதைகள் கிடையாது. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் நிஜம். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "பஸ் ஸ்டாண்டுல…" என்று ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது. அவர் இன்னும் கிட்டே வந்தார். "சொல்லும்மா, பஸ் ஸ்டாண்டுல? அழுவாத, சொல்லு."

குழாயடியிலிருந்து அக்கா ஓடி வந்தாள். கை முழுக்கச் சோப்பு நுரை. என் தலையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். எனக்கு எதுவும் தெரியவில்லை, ஈரத் துணி வாசனை மட்டும்தான். குரல் மேலே இருந்து கேட்டது.

"அது வந்துங்கண்ணே… இவ என் தங்கச்சி. இவளுக்குச் சரியாச் சொல்லத் தெரியாது, என்னைக் கேளுங்க. எங்கம்மா செத்துட்டாங்கண்ணே. மல்லாட்டக் கொல்லையில கடல புடுங்கறப்ப பாம்பு கடிச்சிடுச்சி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் தூக்கியாந்தாங்க, ஆஸ்பத்திரிக்கு வண்டி கெடைக்கல. சாவற வரைக்கும் இவ பேரத்தான் சொல்லிக்கினே இருந்தாங்க. கையப் புடிச்சிக்கினு விடவே இல்ல."

நான் அவள் வயிற்றில் முகம் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதேன். பொய் என்று தெரியும். ஆனாலும் அந்த அம்மா எனக்குப் பிடித்திருந்தது. கடைசி வரைக்கும் என் கையை விடாத அம்மா. அப்படி ஒருத்தி எனக்கு அந்த ஒரு நிமிடம் இருந்தாள், அதற்காக அழுதேன்.

வீடியோவில் என் முகம் வரவில்லை. என்னை மறைத்ததில் அவள் முகம் முழுசாக விழுந்துவிட்டது. போன் விட்டுப் போன் போய், செஞ்சி முழுக்கப் பார்த்தாயிற்று. சிஸ்டர் அந்த ஆளுக்குப் போன் போட்டுக் கத்தி, வீடியோவை எடுக்க வைப்பதற்குள் அது போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது. அனந்தபுரத்துக் கம்பெனி வேனுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வந்தார். எப்போதும் கேட்டிலேயே கேட்கும் அந்தச் சத்தம் அன்றைக்கு இல்லை. நேராக ஆபீஸ் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சிஸ்டர் என்னிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். டம்ளரோடு நான் கதவருகில் நின்றபோது அக்கா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"வேன்ல அத்தினி பொம்பளைங்களும் என் மூஞ்சியவே பாக்கறாங்க சிஸ்டர். 'இன்னாக்கா, உன் பொண்ணு உன்னப் பாம்பு கடிச்சி செத்துட்டன்னு சொல்லுது'ன்னு போன நீட்டறாங்க. இவளுக்காவத்தான் நான் ஊரு விட்டு ஊரு வந்து, வீட்டு ஓனரு கால்ல வுழாத கொறையா ரூம்பு புடிச்சி…" குரல் உடைந்தது. அக்காவின் பக்கம் திரும்பினார். "நான் செத்துட்டனாடி? உனக்கு நான் வேணாம்னா வாயத் தொறந்து சொல்லிட வேண்டியதுதான? ஊருக்கே சொல்லணுமா?"

"ஏன் அப்படிச் சொன்ன, அம்மாகிட்ட சொல்லும்மா" என்றார் சிஸ்டர்.

அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: 'நான் சொன்னது உன்னை இல்லைம்மா, இந்தப் பிள்ளையோட அம்மாவை.' அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பற்றித்தான் வரும். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். ஊரில் உள்ள அத்தனை செருப்புக்கும் ஒரு கதை வைத்திருந்தவளுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு, "சும்மாதான் சொன்னேன்" என்றாள்.

"சும்மாவா?" அவள் அம்மா எழுந்துவிட்டார். "நான் இவள இட்டுக்கினு போவல சிஸ்டர். செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். இங்கியே இருக்கட்டும்."

அக்கா நிமிரவில்லை. துப்பட்டா முனை மட்டும் அவள் விரலில் இறுகிக்கொண்டே போனது. அவளுடைய கட்டைப்பை எனக்கு ஞாபகம் வந்தது. அந்த உப்புக் கரித்த குழம்பும் ஞாபகம் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அக்கா சொன்னது உங்கள இல்ல. எங்கம்மாவ. எங்கம்மா சாவல. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில என்னை உக்கார வெச்சி, பன்னு வாங்கிக் குடுத்துட்டு, 'இங்கியே இரு, தோ போயிட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போச்சி. வரல. அந்த அண்ணன் என்னைத்தான் கேட்டாரு. அக்காதான் குறுக்க வந்து எங்கம்மாவச் சாகடிச்சிட்டாங்க."

அவள் அம்மா மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் குடித்தார். புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டார், அழுத்தித் துடைத்ததில் கன்னம் எரிந்தது. அப்புறம் மகளைப் பார்த்து, அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னார்:

"சாவடிச்சதுதான் சாவடிச்ச, ஒரு காய்ச்ச, நோவுன்னு சொல்லக் கூடாதா? பாம்புதானா கெடச்சிச்சி உனக்கு?"

அக்கா அப்போதுதான் அழுதாள். உண்மையாக அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கதை சொல்லும்போது அழுகிற மாதிரி அழகாக இல்லை, மூக்கு வழிந்தது.

அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் குழாயடியில், "யாரு உன்னைச் சொல்லச் சொன்னது?" என்று சீறினாள். "அத நான் கஷ்டப்பட்டு மூடி வெச்சா, நீ போயி அவுத்துக் கொட்டிட்ட."

"ஒனக்காவத்தான் சொன்னேன்" என்றேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. கோபம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பரீட்சை முடிந்து அவள் கிளம்பிய அன்று சிஸ்டரும் சமையல்கார அம்மாவும் வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். நான் வர மாட்டேன் என்றேன். என் அம்மா என்னை விட்டுவிட்டுப் போன பிறகு அந்தப் பக்கமே நான் போனதில்லை. அக்காதான், "வாடி" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அனந்தபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் அம்மா முன்னால் ஏறி, கட்டைப்பையை சீட்டில் போட்டு இடம் பிடித்தார். சிஸ்டரிடம், "போயிட்டு வரேன் சிஸ்டர்" என்றாள் அக்கா. சமையல்கார அம்மாவிடமும், "போயிட்டு வரேம்மா" என்றாள். யாரும் சொல்கிற மாதிரிதான்.

கடைசியாக என் முன்னால் வந்து குனிந்து நின்றாள். நாக்கால் அந்த உடைந்த பல்லைத் தடவினாள். ஏதோ கதை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"போறேன்டி" என்றாள்.

ஜன்னல் வழியாக அவள் அம்மா சத்தம் போட்டார். "வெள்ளிக்கெழம அதுவுமா போறேன்னு சொல்றா பாரு! போயிட்டு வரேன்னு சொல்லுடி."

"இவகிட்ட அத சொல்ல மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள்.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. அதன்பிறகு அவள் வரவில்லை. ஓசூர்ப் பக்கம் ஏதோ கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை. அன்றைக்கு பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும், சிஸ்டர் என்னைப் பார்த்து, கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்காரலாமா என்று கேட்டார். வேண்டாம் சிஸ்டர், வீட்டுக்குப் போகலாம் என்றேன்.